மேட்டில் மட்டும் அணைந்துபோகும் ஸ்கூட்டர்

கேட்கப்பட்ட விஷயம் சுருக்கமாக இது. லண்டன் ஹாரோவில் இருக்கும் அப்பாவுக்கு 74 வயது. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கான மொபிலிட்டி ஸ்கூட்டர் ஒன்று வைத்திருக்கிறார். நான்கைந்து துண்டாகக் கழற்றிக் காரின் டிக்கியில் போடக்கூடிய சின்ன வகை. சமதரையில் நன்றாக ஓடுகிறது. வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் திடீரென்று எல்லா விளக்கும் அணைந்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டாலோ, சாவியை அணைத்துப் போட்டாலோ மறுபடி உயிர் வருகிறது. போன மாதம் இரண்டு பேட்டரியையும் மாற்றியும் அதே கதை. கடைக்காரர் இப்போது கண்ட்ரோலரை, அதாவது மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை, கை காட்டுகிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது: "எல்லா விளக்கும் அணைந்து" என்கிறீர்களே, அதுதான்.

கண்ட்ரோலர் ஏதோ கோளாறைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தினால் விளக்கு அணையாது. மோட்டாருக்குப் போகும் கரண்டை மட்டும் வெட்டிவிட்டு, ஹேண்டிலில் இருக்கும் சின்ன விளக்கை இத்தனை தடவை என்று கணக்காக மினுக்கிக் காட்டும். சில வண்டிகளில் கூடவே பீப் சத்தமும் வரும். பேட்டரி இறங்கிவிட்டது, பிரேக் கம்பி அறுந்திருக்கிறது, மோட்டார் தொடர்பு இல்லை என்று அது குறை சொல்லும் விதம் அது. மொத்தமாக இருண்டுபோகிறது என்றால் குறை சொல்வதற்குக்கூட அதற்குச் சாப்பாடு வரவில்லை என்று அர்த்தம். பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே எங்கேயோ பாதை அடைபடுகிறது.

சரி, அப்படியானால் சமதரையில் ஏன் ஓடுகிறது? இந்த வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு வரிசையாக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. தட்டையான நடைபாதையில் போகும்போது மோட்டார் ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும். ஆளோடு மேடு ஏறும்போது அது 20 ஆம்பியரைத் தாண்டும். வழியில் ஓர் இணைப்பு களிம்பேறி, வெறும் 0.1 ஓம் தடை வைத்திருக்கிறது என்று வையுங்கள். 5 ஆம்பியரில் அங்கே அரை வோல்ட் போகும், யாருக்கும் தெரியாது. 20 ஆம்பியரில் 2 வோல்ட் போகும். கூடவே அந்த ஒரு புள்ளியில் 40 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னின் சூடு அது. சூட்டில் உலோகம் கறுத்து, ஸ்பிரிங் தளர்ந்து, தடை இன்னும் ஏறும். அப்படியே ஏறி ஒரு கட்டத்தில் பாதையே விட்டுப்போகும். நின்ற பிறகு ஆறிச் சுருங்கி மறுபடி ஒட்டிக்கொள்ளும். "கொஞ்ச நேரம் விட்டால் உயிர் வருகிறது" என்பது இந்தக் கதையோடு அப்படியே பொருந்துகிறது.

மேட்டில் மட்டும்தானா, குலுங்கும்போதெல்லாமா என்று அப்பாவிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். சமதரையில் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கும்போதும் அணைகிறது என்றால் நான் தேடும் இடம் மாறும். அப்போது முதல் சந்தேகம் சாவி சுவிட்சின் மேலும், ஹேண்டில் தண்டு வழியே வரும் மெல்லிய வயர்கள் மேலும். உங்களுடையது போன்ற கழற்றும் வண்டிகளில் ஹேண்டில் தண்டை ஒவ்வொரு முறை மடக்கும்போதும் அந்த வயர் ஒரே இடத்தில்தான் வளைகிறது. வெளியே உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். சாவியைப் போட்டு, வண்டியை ஓட்ட அமுக்கும் லீவரைத் தொடாமல், ஹேண்டிலை இடம் வலமாகவும் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். விளக்கு மினுங்கினால் அங்கேதான் கோளாறு. சுருட்டை வயர் வைத்த மாடல்களில் அதன் பிளக் பாதி கழன்று கிடப்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அமுக்கிச் சொருகினால் வேலை முடிந்தது.

மேட்டில் மட்டும்தான் என்றால் மேலே படியுங்கள்.

கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். இந்தப் பேட்டரிகள் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், தொங்கும் செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனரின் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். சாவியை எடுத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரிப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

உங்கள் வகை வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெட்டியின் அடிப்பக்கம். பெட்டியைக் கைப்பிடி பிடித்து உள்ளே இறக்கியதும் தானாகவே இணைப்பு ஏற்படுகிறது அல்லவா? பெட்டியின் அடியில் ஒரு ஜோடி பித்தளை அல்லது செம்பு முனைகள், வண்டியின் தளத்தில் அவற்றுக்கு ஜோடி. வண்டியின் முழுக் கரண்டும் இந்த நான்கு முனைகள் வழியாகத்தான் போகிறது. மழையில் நனைந்த நடைபாதை, குளிர்காலத்தில் தூவும் உப்பு, ஈரமான தோட்டத்து ஷெட், இவை எல்லாம் சேர்ந்து இங்கிலாந்தில் ஓரிரு குளிர்காலத்திலேயே அவற்றைப் பச்சையாக்கிவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல முனை பளபளவென்று இருக்கும். கெட்டது கறுத்து, குழி விழுந்து, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உருகியும் இருக்கும். முகர்ந்தாலே தெரியும்.

லேசான களிம்பு என்றால் நைசான உப்புத்தாளால் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதும். குழி விழுந்து, ஸ்பிரிங் வலுவிழந்திருந்தால் தேய்த்துப் பிரயோஜனமில்லை, இரண்டு வாரத்தில் பழையபடி வரும். அந்த இணைப்பை ஜோடியாக மாற்றிவிடுவதுதான் வழி. ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் எரிந்த பக்கம் புதியதையும் கெடுத்துவிடும்.

அடுத்தது பெட்டிக்குள். போன மாதம் பேட்டரி மாற்றியபோது யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். பழைய கோளாறு பழைய இடத்திலேயே இருக்கலாம், புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கலாம். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் குட்டை வயர், அதன் இரு முனைகளிலும் உள்ள லக்குகள் (வயர் நுனியில் நசுக்கிப் பொருத்திய உலோக முனைகள்), ஃபியூஸ் ஹோல்டர் ஆகியவற்றைப் பாருங்கள். தட்டையான முனையில் சொருகும் வகை லக் என்றால் பிடித்து இழுத்துப் பாருங்கள். இரண்டு விரலால் சுலபமாகக் கழன்று வந்தால் அது தளர்ந்தது. வயர் லக்குக்குள் நசுக்கப்பட்டிருக்கும் இடத்தில் உறை கடினமாகி, நிறம் மாறியிருந்தாலும் சூடேறியதற்கு அடையாளம்.

ஃபியூஸ் விஷயத்தில் நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் தொழில் கற்றுவிட்டு இங்கிலாந்துக்கு வந்த புதிது. உங்கள் அப்பாவுடையது போலவே மேட்டில் அணையும் வண்டி ஒன்று. பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன், 25.6 வோல்ட். ஃபியூஸில் தொடர்பு அறாமல் இருக்கிறதா என்று (கண்டினியூட்டி) பார்த்தேன், பீப் என்று கத்தியது. எல்லாம் சரி, கண்ட்ரோலர்தான் என்று தீர்ப்பு எழுதி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதே மேட்டில் அதே இடத்தில் நின்றது. கடைசியில் பார்த்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, அதைப் பிடித்திருந்த ஹோல்டரின் ஒரு கால் உள்ளே வெந்துபோயிருந்தது. மீட்டரின் பீப் சத்தத்துக்கு நூலிழை அளவு தொடர்பு போதும். மேடு ஏற அது போதாது. கண்ட்ரோலர் காசு என் பாக்கெட்டிலிருந்து போனது.

அதனால்தான் சொல்கிறேன், வண்டி சும்மா நிற்கும்போது எடுக்கும் அளவை நம்பி எதையும் வாங்காதீர்கள். கஷ்டப்பட்டு வேலை செய்யும்போது அளக்க வேண்டும். செய்வது ஒன்றும் பெரிய வித்தையல்ல. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஆளுக்கு இரண்டு மீட்டர் நீளமுள்ள நான்கு வயர், நுனியில் முதலைக் கிளிப். ஒவ்வொரு வயரிலும் கிளிப்புக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கள், வயர் எங்கேயாவது நசுங்கினாலும் தீப்பிடிக்காது. ஒரு ஜோடியைப் பேட்டரிகளின் இரு கோடி முனைகளில், அதாவது பெட்டிக்குள், மாட்டுங்கள். இன்னொரு ஜோடியைப் பின்பக்க மூடியைக் கழற்றிக் கண்ட்ரோலருக்குள் நுழையும் தடித்த சிவப்பு, கறுப்பு வயர்களில் மாட்டுங்கள். வயர்களைச் சக்கரத்தில் சிக்காதபடி டேப் போட்டு ஒட்டி, மீட்டரை ஹேண்டிலில் கட்டிவிட்டு, அப்பா வேண்டாம், நீங்கள் உட்கார்ந்து அந்த மேட்டில் ஏறுங்கள். முதல் தடவை பேட்டரிப் பக்கத்து வோல்ட்டைப் பாருங்கள், இரண்டாவது தடவை கண்ட்ரோலர் பக்கம். ஓட்டிக்கொண்டே எண்ணைப் பார்ப்பது ஆபத்து, கூட ஒருவர் நடந்து வந்து பார்க்கட்டும். வண்டி மணிக்கு 4 மைல்தான் போகும், வேக நடையில் பிடித்துவிடலாம்.

பேட்டரிப் பக்கம் 25.5லிருந்து 24, 23.5 என்று இறங்கி அங்கேயே நின்று, அதே மேட்டில் கண்ட்ரோலர் பக்கம் 20க்குக் கீழே சரிந்தால், நடுவில் இருக்கும் இணைப்புதான் தின்கிறது. அப்புறம் மீட்டரின் ஒரு காலைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மற்றதைக் கண்ட்ரோலரின் பிளஸ்ஸிலும் வைத்தால் அந்தப் பக்கம் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று நேராகவே காட்டும். மைனஸ் பக்கமும் அப்படியே. நல்ல நிலையில் ஒரு பக்கத்துக்குக் கால் வோல்ட், அதிகம் போனால் அரை வோல்ட். அதற்கு மேல் என்றால் மீட்டரின் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் குதிக்கிறது என்று பிடித்துவிடலாம்.

இரண்டு பக்கமும் ஒன்றாகவே சரிந்தால் குறை பேட்டரியில். புதிதாயிற்றே என்பீர்கள். புதிது என்று விற்றதெல்லாம் புதிதல்ல. கிடங்கில் ஒரு வருஷம் சார்ஜ் ஏற்றாமல் கிடந்த ஈய-அமிலப் பேட்டரி பிறக்கும்போதே கிழடு. ஒவ்வொன்றையும் தனியாக அளந்து பாருங்கள். முழுச் சார்ஜுக்குப் பிறகு சில மணி நேரம் சும்மா வைத்தால் ஒன்று 12.8 பக்கம் இருக்க வேண்டும். 12 வோல்ட் என்றால் கிட்டத்தட்டக் காலி, அதில் பாதி மிச்சம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மேட்டில் ஒன்று 11.8ல் நிற்க, மற்றது 9க்கு விழுந்தால் விழுந்ததுதான் குற்றவாளி. மாற்றும்போது மட்டும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதோடு பழையதைச் சேர்த்தால் பழையது சீக்கிரம் இறங்கி, புதியதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டு பக்கமும் 23க்கு மேல் அசையாமல் நிற்கிறது, இருந்தும் விளக்கு அணைகிறது என்றால் ஒழிய கண்ட்ரோலரைப் பற்றி யோசிக்க வேண்டாம். அப்போதும் முதலில் அதன் பிளக்குகளைக் கழற்றி, பின்கள் கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். கண்ட்ரோலர் தானாகச் சாவது குறைவு. தண்ணீர் புகுந்தோ, யாராவது பேட்டரியைத் தலைகீழாக மாட்டியோ கொன்றதுதான் அதிகம்.

இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் மற்றச் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் ஒரு நாள் உதவும்.

விளக்கு எரிகிறது, லீவரை அமுக்கினால் அசையவில்லை. பத்துக்குப் பாதி தடவை காரணம் பின்னால் இருக்கும் ஃப்ரீவீல் லீவர். வண்டியைத் தள்ளிக்கொண்டு போக அதைத் தட்டிவிட்டு, திரும்ப ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர மறந்திருப்பார்கள். நான் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய், அந்த லீவரைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. ஃப்ரீவீல் லீவர் சரியாக இருந்தால், முன்னே போக ஹேண்டில் லீவரை அமுக்கும்போது பின்பக்கம் "டக்" என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அது மின்காந்த பிரேக் விடும் சத்தம். இந்த பிரேக் கரண்ட் வந்தால்தான் விடும், கரண்ட் போனால் தானே பிடித்துக்கொள்ளும். அப்பா மேட்டில் இருட்டிப்போய் நின்றபோது பின்னால் உருண்டு போகாததற்கு இதுதான் காரணம். அதை ஒருபோதும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். டக் சத்தம் இல்லையென்றால் அதன் காயிலை ஓம் அளந்து பாருங்கள். சில பத்து ஓம் காட்ட வேண்டும், எதுவுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது.

டக் சத்தம் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை, ஆனால் மோட்டாரின் மேல் மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் ஓடுகிறது என்றால் சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கும் கரிக்கட்டை, அதாவது கார்பன் பிரஷ், தேய்ந்துவிட்டது. இது என் பழைய பட்டறைப் பாடம், வண்டி மாறினாலும் மோட்டார் மாறவில்லை. பிரஷ் மாற்றும்போது அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் பள்ளங்களில் அடைத்திருக்கும் கரித்தூளையும் சுத்தம் செய்யுங்கள்.

கோளாறு காட்ட விளக்கு மினுக்கும் எண்ணிக்கையைப் பற்றி ஒரு விஷயம். எல்லா வண்டிக்கும் ஒரே பட்டியல் என்று நினைத்து யாரோ சொன்னதை நம்பிவிடாதீர்கள். டைனமிக் நிறுவனத்தின் ரைனோ கண்ட்ரோலரில் 5 தடவை மினுக்கினால் பிரேக் கோளாறு. பிஜி டிரைவ்ஸ் நிறுவனத்தின் எஸ்-டிரைவில் அதே பிரேக் கோளாறுக்கு 9 தடவை. உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. மினுக்கல்களை எண்ணும்போது நடுவில் வரும் நீண்ட இடைவெளியிலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் எண் தவறும்.

சாவி போட்டதுமே கோளாறு காட்டினால் லீவரில் கை பட்டுக்கொண்டிருக்கிறதா, கூடையில் வைத்த பை அதன் மேல் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லீவர் நடுநிலையில் இல்லாதபோது வண்டி கிளம்ப மறுப்பது பாதுகாப்புக்காக. சார்ஜர் சொருகியிருக்கும்போது ஓடாததும் அப்படித்தான். சார்ஜர் பிளக்கில் மூன்றாவதாக ஒரு பின் இருப்பது பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தடைக்காகவே.

சார்ஜரின் பச்சை விளக்குதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து சொருகிய உடனே பச்சை எரிந்தால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். சார்ஜருக்குப் பேட்டரியே கண்ணில் படவில்லை என்றும் இருக்கலாம்: ஃபியூஸ் போயிருக்கும், பெட்டி முனையில் தொடர்பு விட்டிருக்கும், அல்லது பேட்டரி உள்ளே வற்றி எதையும் வாங்க மறுக்கும். இதற்கு நேர்மாறாக, சார்ஜர் நுனியில் மீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டுகிறதே, செத்துவிட்டதா என்றும் கேட்பார்கள். இப்போதைய பல சார்ஜர்கள் பேட்டரியை உணர்ந்த பிறகுதான் வோல்ட் தரும், வெறும் நுனியில் ஒன்றும் வராது. பேட்டரியோடு இணைத்துவிட்டுப் பேட்டரி முனையில் அளந்தால் 27க்கு மேல் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். எந்த விளக்குமே எரியவில்லையென்றால் சுவரில் சொருகும் பிளக்கில் உள்ள சின்ன ஃபியூஸை முதலில் மாற்றிப் பாருங்கள், பழையதில் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதோ அதே அளவில். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரியதாகப் போடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம். அப்புறம் ஃபியூஸ் பிழைக்கும், வயர் எரியும்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் நீண்டகால நோயோ ஊனமோ உள்ளவரின் சொந்த உபயோகத்துக்கான இத்தகைய வண்டி, அதன் உதிரிபாகம், பழுதுபார்ப்புக் கூலி ஆகியவற்றுக்கு மதிப்புக்கூட்டு வரி (VAT) விலக்கு உண்டு. ஒரு படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். பேட்டரி வாங்கியபோது 20 சதவீதம் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்களா என்று பில்லைப் பாருங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

என் கணிப்பு, பெட்டிக்கு அடியில் உள்ள முனைகள் அல்லது ஃபியூஸ் ஹோல்டர். சரிசெய்த பிறகு ஒரே தடவை ஏறிப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், முதல் ஏற்றத்தில் எல்லாம் குளிர்ந்திருக்கும். நீங்களே உட்கார்ந்து அந்த மேட்டில் நிறுத்தாமல் மூன்று நான்கு தடவை ஏறி இறங்குங்கள். உடனே சாவியை எடுத்து, பெட்டியைத் தூக்கி, முனைகளின் பிளாஸ்டிக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சுட்டால் அந்த இணைப்பை மாற்றும்வரை அப்பாவை ஏற்ற வேண்டாம்.